இரண்டு விரல் திறக்கும் வாய்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், பல் செய்கிறேன் என்பேன். பல் டாக்டரா என்று உடனே கேட்பார்கள். இல்லை, டாக்டர் நோயாளி வாயில் மாட்டுகிற பல்லைச் செய்து கொடுக்கிறவள் என்பேன். அதற்கு மேல் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

சிங்கப்பூர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற செனாயில், கடை வரிசை ஒன்றின் மேல் மாடியில் இருக்கிறது எங்கள் லேப். கீழே டயர் கடை. மேலே நாங்கள் ஆறு பேர், எங்கள் முதலாளி தவுக்கேயைச் சேர்த்து. இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, ஈயப் பற்று சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த லைனை மூடியதும் வேலை தேடி இந்த மாடிப்படி ஏறினேன். தவுக்கே என்னிடம் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. தலைவலி வராமல் எவ்வளவு நேரம் மைக்ரோஸ்கோப் பார்ப்பாய் என்றுதான் கேட்டார். நாள் முழுக்க என்றேன். மறுநாளே வரச் சொன்னார். மற்றதை எல்லாம் அவரே உட்கார்ந்து கற்றுக் கொடுத்தார்.

பாதி உடைந்த பல்லையோ, பெரிய ஓட்டையை அடைத்து வைத்த பல்லையோ அப்படியே விட்டால் ஒரு நாள் பிளந்துவிடும். அதனால் டாக்டர் அதைச் சுற்றிலும் ராவி, ஒரு குட்டை முளை மாதிரி ஆக்குவார். அந்த முளைக்கு மேல் தொப்பி போல மாட்டுவதுதான் கிரவுன். ராவி முடித்ததும் டாக்டர் அச்சு எடுத்து எங்களுக்கு அனுப்புவார். அச்சில் கல் மாவைக் கரைத்து ஊற்றினால், ராவிய பல் அப்படியே கல்லாக என் கைக்கு வரும். நான் பார்ப்பது அந்தக் கல் பல்லைத்தான். வாயைப் பார்த்ததே கிடையாது.

வந்த புதிதில் கிரவுன் சரியாக உட்காருவது முழுக்க என் கையில் இருப்பதாக நினைத்திருந்தேன். ஓராண்டு போனபிறகுதான் பாதி விஷயம் டாக்டர் ராவும்போதே முடிந்துவிடுகிறது என்பது புரிந்தது. முளையின் சுவர்கள் மேலே போகப்போக உள்பக்கமாகக் கொஞ்சமே கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். ரொம்பச் சாய்ந்து கூம்பாகிவிட்டால் கிரவுன் சுலபமாக இறங்கும், அதே சுலபத்தோடு கழன்றும் வரும். ஏதாவது ஒரு சுவர் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டால் கிரவுன் இறங்கவே இறங்காது. சுவர் முடிகிற இடத்தில் பல்லைச் சுற்றி ஒரு கரை இருக்கும். கிரவுனின் விளிம்பு அந்தக் கரையில் போய் உட்கார வேண்டும். கரை மங்கலாக இருந்தால் விளிம்பை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது.

பத்துப் பதினைந்து டாக்டர்களின் கல் பற்களைப் பார்த்துப் பார்த்து, யார் ராவியது என்பதைப் பெயரைப் படிக்காமலே சொல்லிவிடுவேன். ஒரு டாக்டர் இடது கைக்காரர் என்று சுவரின் சாய்வைப் பார்த்துச் சொன்னேன். அச்சு எடுத்து வரும் எங்கள் வேன்காரர் அடுத்த முறை போனபோது நின்று கவனித்துவிட்டு வந்து, ஆமாம் என்றார். நோயாளிகளைப் பற்றியும் யோசித்துக்கொண்டே இருப்பேன். அச்சோடு வருகிற சீட்டில் ஆணா பெண்ணா, என்ன வயது என்பது மட்டும்தான் இருக்கும். முன்பல்லில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால், இவர் குவாச்சி விதையைப் பல்லால் உடைத்துக் கொறிக்கிறவர் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு பக்கப் பற்கள் மட்டும் தேய்ந்திருந்தால், அந்தப் பக்கமே மெல்லுகிறார், மறுபக்கம் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைப்பேன். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

அப்படி வந்ததுதான் ஆயர் ஈத்தாம் கிளினிக்கிலிருந்து வந்த அந்தப் பல். ஆண், ஐம்பத்தாறு வயது. கீழ்த்தாடை, வலது பக்கக் கடைவாய்ப் பல். அதற்குப் பின்னால் பல்லே இல்லை. அந்த டாக்டரின் வேலையை எனக்கு நன்றாகத் தெரியும், சுத்தமான கை. ஆனால் இந்தப் பல் மட்டும் வேறு யாரோ ராவியது போல இருந்தது. பின்பக்கச் சுவர் சறுக்குமரம் மாதிரிச் சரிந்திருந்தது. முன்பக்கச் சுவர் அடியில் உள்வாங்கியிருந்தது. பின்பக்கக் கரை இருக்க வேண்டிய இடத்தில் அச்சில் ஒரு குமிழி விழுந்து, கல்லில் உருண்டையாக ஒரு கட்டி வந்திருந்தது.

முன்பக்கம் உள்வாங்கிய இடத்தை மெழுகு வைத்து நிரப்பினேன். பின்பக்கக் கட்டியைச் செதுக்கிவிட்டு, கரை இங்கேதான் போக வேண்டும் என்று நானே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். வெள்ளைப் பீங்கான் கிரவுன். அனுப்பிய நான்காம் நாள் திரும்பி வந்தது. கீழே இறங்கவில்லை, உயரமாக நிற்கிறது என்று சீட்டில் எழுதியிருந்தார் டாக்டர்.

புது அச்சும் கூடவே வந்தது. இந்த முறை முன்பக்கச் சுவரை இன்னும் ராவியிருந்தார். உள்வாங்கல் போய்விட்டது. ஆனால் இப்போது முன்னும் பின்னும் சரிந்து, பல் கூம்பாகிவிட்டது. பின்பக்கக் கரை பழையபடியே மங்கல். மறுபடியும் கோடு போட்டேன். கிரவுன் இறங்கிவிட்டது என்று வேன்காரர் செய்தி கொண்டுவந்தார். மூன்று வாரம் கழித்து, சாப்பிடும்போது கழன்று விழுந்துவிட்டது என்று இன்னொரு அச்சு வந்தது.

தவுக்கே அந்த அச்சை என் மேசையில் வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். டாக்டர்களிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கேட்டால் குறை சொல்வதாக நினைத்து வேறு லேப்புக்குப் போய்விடுவார்கள் என்பார். மற்றவர்கள், அந்த டாக்டருக்குக் கை தவறுகிறது, வயதாகிவிட்டதோ என்னவோ என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அதே வாரம் அவரிடமிருந்து வந்த வேறு இரண்டு பற்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. கை தவறுகிறவருக்கு ஒரே ஒரு பல்லில் மட்டுமா தவறும்? அதுவும் மூன்று தடவையும் ஒரே பக்கமாகவா?

கல்லை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராவுகிற டிரில்லின் ஊசி எந்தப் பக்கம் சாய்ந்து ஓடினால் இந்தச் சுவர் இப்படி வரும் என்று ஒரு பென்சிலை வைத்துப் பார்த்தேன். பென்சிலின் தலை முன்பக்கமாகவும் முனை பின்பக்கமாகவும் சாய்ந்தால் எல்லாம் ஒத்துப்போனது. அப்படியானால் டாக்டர் ஒவ்வொரு முறையும் சாய்த்தேதான் பிடிக்கிறார். ஏன்?

சீட்டின் ஓரத்தில் இங்கிலீஷில் சின்ன எழுத்தில் எழுதினேன். ஊசி முன்பக்கமாகச் சாய்கிறதே, வாயில் ஏதாவது தடையா என்று. தவுக்கே பார்ப்பதற்குள் சீட்டைப் பையில் போட்டு, வேன்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் லேப் ஃபோனில் எனக்கு அழைப்பு வந்தது. டாக்டர்தான். நான் நினைத்ததைவிட இளமையான பெண் குரல்.

"நீங்கதான் எழுதினீங்களா அக்கா?"

"ஆமா டாக்டர். தப்பா நெனச்சிக்காதீங்க."

"தப்பா நெனைக்கல. ஆனா ஃபோன்ல சொன்னா வெளங்காது. வியாழக்கெழம அவர் வராரு. நீங்களே வந்து பாருங்களேன்."

தவுக்கேயிடம் சொன்னபோது முகம் மாறியது. என்ன எழுதினாய் என்று மூன்று தடவை கேட்டார். பிறகு, போ, வேனில் போய்விட்டு வேனில் வந்துவிடு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்றார்.

வியாழக்கிழமை வேன்காரர் என்னைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு மற்ற கிளினிக்குகளுக்குப் போனார். சுற்றுலாப் பேருந்துகள் நிற்கிற, பூச்சாடி அடுக்கிய கடைகளுக்குப் பின் தெருவில் இருந்தது அது. டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிலோன்காரக் குடும்பம். பேச்சு எங்களைப் போலத்தான், ஆனால் இடையிடையே 'ஆமாம்' என்பதற்கு ஒரு 'ஓம்' வந்து விழும். என்னைப் பார்த்ததும் மாஸ்க், கையுறை, கண்ணுக்கு மாட்டும் கண்ணாடி மூன்றையும் கொடுத்து, உள்ளே வாருங்கள் என்றார். மன்னிப்புக் கேட்க இடமே கிடைக்கவில்லை.

நாற்காலியில் ஓர் ஆள் சாய்ந்திருந்தார். கனத்த உடம்பு, நரைத்த மீசை. பெக்கோக் பக்கத்து ஆலையிலிருந்து செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறவராம். எண்ணெயை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வந்திருக்கிறார். நான்தான் பல் செய்கிறவள் என்று டாக்டர் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். பேசும்போது பற்கள் விலகவே இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"வாயத் தொறந்து காட்டுங்க அண்ணே," என்றார் டாக்டர்.

திறந்தார். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே அவரே தன்னுடைய இரண்டு விரலைப் படுக்கையாக வைத்துக் காட்டினார். அதற்கு மேல் ஒரு நூல் அளவும் போகவில்லை.

பத்தொன்பது வயதில் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது, அறுத்த செம்பனைக் குலை ஒன்று கோலில் சறுக்கி நேரே தாடையில் விழுந்ததாம். இரண்டு இடத்தில் எலும்பு உடைந்து, பற்களைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். எலும்பு கூடியது. தாடையின் மூட்டு இறுகிப்போய்விட்டது. அன்றிலிருந்து இந்த இரண்டு விரல்தான். சோற்றை உருட்டி ஓரமாகத்தான் வாய்க்குள் தள்ளுவாராம். இடது பக்கம் மெல்லுவதற்குப் பல் கிடையாது. வலது பக்கம் இருக்கிற கடைசிக் கடைவாய்ப் பல் இது ஒன்றுதான். இதுவும் போனால் கஞ்சிதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

டாக்டர் டிரில்லை எடுத்துக் காட்டினார். இருப்பதிலேயே சின்னத் தலை உள்ளது, குழந்தைகளுக்கு வைத்திருப்பது. அதில் குட்டையான ஊசி. அதை வாய்க்குள் கொண்டுபோனார். தலையில் விளக்கு, ஒரு கையில் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி. டிரில்லின் தலை மேல் பல்லில் போய் இடித்தது. வாய் முன்பக்கம் திறக்கிற அளவுக்கு உள்பக்கம் திறப்பதில்லை. கதவு மாதிரி, கீலுக்குப் பக்கத்தில் இடுக்கு குறைவு. ஊசியை நேராக நிறுத்த இடமில்லை. தலையை முன்பக்கமாகச் சாய்த்தால்தான் உள்ளே போகிறது. நான் பென்சிலை வைத்துப் பார்த்த அதே சாய்வு.

என்னையும் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். தற்காலிகமாக ஒட்டி வைத்திருந்த மூடியைக் கழற்றியிருந்தார். மூன்று தடவை கையில் வைத்து உருட்டிய பல். அடையாளமே தெரியவில்லை. கல்லில் அது வெள்ளையாக, காய்ந்து, அசையாமல் இருக்கும். இங்கே மஞ்சளாக, பளபளவென்று எச்சில் மூடிக் கிடந்தது. பக்கத்தில் நாக்கு ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுபோல முன்னால் வந்து கண்ணாடியைத் தொட்டது. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்தேன். மறுபடி மங்கியது. பின்பக்கக் கரையைத் தேடினேன். ஈறு அந்த இடத்தில் பல்லின் மேல் ஏறிப் படர்ந்து கிடந்தது. கல்லாக இருந்தால் திருப்பிப் பார்த்துவிடலாம். இங்கே திருப்ப வேண்டுமென்றால் ஆளையேதான் திருப்ப வேண்டும்.

அச்சு எடுக்கிற டிரேயையும் டாக்டர் காட்டினார். கடையில் வருகிற டிரே எதுவும் அந்த வாய்க்குள் நுழையவில்லை. ஒன்றை வெட்டி, வளைத்து, எப்படியோ நுழைத்திருக்கிறார். வெளியே எடுக்கும்போது பல்லில் இடித்து அச்சு நசுங்கியிருக்கும். அங்கேதான் குமிழி.

அதையெல்லாம் பார்த்தபோது லேப்பில் இருந்தவர்கள் இந்த டாக்டரைப் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. நான் அவர்களோடு சேர்ந்து பேசவில்லைதான். ஆனால் நான் செய்த ஒன்றை யாரிடமும் சொல்லவும் இல்லை.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும்," என்றேன். "மொத ரெண்டு தடவையும் அந்தப் பின்பக்கக் கரை எனக்குத் தெரியவே இல்ல. நானாத்தான் ஒரு கோடு போட்டேன்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சீட்டுல சொல்லலையே அக்கா."

"சொல்லல."

டாக்டர் எச்சில் உறிஞ்சும் குழாயை நிறுத்தினார்.

"நானும் அந்த எடத்தக் கண்ணால பாத்து ராவல," என்றார். "கையில தட்டுப்பட்டத வச்சித்தான் ராவினேன்."

நாற்காலியிலிருந்து பல்லிடுக்கில் குரல் வந்தது. "அப்ப ரெண்டு பேரும் குத்துமதிப்பாத்தான் செஞ்சிருக்கீங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை தடவை வந்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, இனிமேல் என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றார்.

அங்கேயே மூன்று பேரும் பேசினோம். வெள்ளைப் பீங்கானுக்கு மேலே கனம் வேண்டும். அந்தக் கனத்துக்கு இடம்விட டாக்டர் பல்லின் உச்சியை நிறைய ராவ வேண்டியிருந்தது. ஏற்கெனவே குட்டையான முளை இன்னும் குட்டையாகிப் பிடிமானம் போயிற்று. உலோகமென்றால் மெல்லிசாகச் செய்யலாம், இனி உச்சியைத் தொடவே வேண்டாம் என்றேன் நான். ஆனால் வெள்ளிப் பல் மாதிரித் தெரியுமே என்று டாக்டர் தயங்கி, அவரைக் கேட்டார்.

"டாக்டருக்கே தெரியாத பல்லு, வேற யாருக்குத் தெரியப் போவுது லா?" என்றார் அவர்.

கழன்று விழாமல் இருக்க என்ன செய்வது என்பதை டாக்டர் சொன்னார். பின்பக்கமும் முன்பக்கமும்தான் ஊசி சாய்கிறது. கன்னப் பக்கச் சுவரும் நாக்குப் பக்கச் சுவரும் அந்த அளவுக்குக் கெடவில்லை. அந்த இரண்டிலும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வாய்க்கால் போட்டால், கிரவுனின் உள்ளே அதற்கேற்ற இரண்டு வரம்பு வரும். வரம்பு வாய்க்காலில் இறங்கிவிட்டால் கிரவுன் முன்னேயும் பின்னேயும் கவிழ முடியாது. ஆனால் இரண்டு வாய்க்காலும் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்று ஒரு பக்கமும் மற்றது ஒரு பக்கமும் பார்த்தால் கிரவுன் இறங்காது. பின்பக்கம் பல் இல்லாததால், ஏறி நிற்கிற ஈறைக் கொஞ்சம் வெட்டி ஒதுக்கிவிடலாம், ஆறியதும் கரை வெளியே தெரியும் என்றார்.

டிரே என் பொறுப்பு என்றேன். அவருடைய பழைய அச்சுக் கல் என்னிடம் இருக்கிறது. அதன் மேலேயே அந்தப் பக்கத்துக்கு மட்டும், அவர் வாய் அளவுக்கு ஒரு குட்டி டிரே செய்துவிடலாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் கண்ணாடி முன் நின்று, என் பற்களுக்கு நடுவே இரண்டு விரலை வைத்து அளந்து, அந்த அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து ஒரு வாழைப்பழம் சாப்பிடப் பார்த்தேன். சிங்கப்பூரில் வேலை முடிந்து வந்த கணவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காரணத்தைச் சொன்னேன். அவரும் பக்கத்தில் நின்று விரலை வைத்துப் பார்த்தார். அவருக்கு மூன்றரை விரல் போகிறது, எனக்கு மூன்று.

டிரேயை மூன்று தடவை செய்தேன். முதலாவது தடிமனாகிவிட்டது. இரண்டாவதில் கைப்பிடி உதட்டில் இடிக்கும் போலத் தெரிந்தது. மூன்றாவதில் கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, உயரத்தைக் கத்தியால் சீவிச் சீவி, இரண்டு விரல் அளவு இடுக்கில் தாராளமாக நுழைகிற வரை குறைத்தேன். தவுக்கே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், கோடு போட்டதையும் சேர்த்து. டிரேயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஓரத்தை இன்னும் மழுக்கு, கன்னத்தில் கீறும் என்றார்.

இரண்டு வாரம் கழித்து அச்சு வந்தது. உடனே கல் ஊற்றினேன், இறுகும்வரை வேறு வேலை ஓடவில்லை. பிரித்து மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தேன். பின்பக்கக் கரை தெரிந்தது. பென்சில் தேவையில்லாத அளவுக்கு, தானே ஒரு கோடாக, பல்லைச் சுற்றி ஓடியது. கன்னப் பக்கத்து வாய்க்கால் நேர்த்தி. நாக்குப் பக்கத்து வாய்க்கால் அடியில் ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்திருந்தது.

மெழுகு வைத்து நிரப்பிவிடலாம். கிரவுன் இறங்கும். ஆனால் அந்தப் பக்கத்து வரம்புக்குப் பிடி இருக்காது. வழக்கமாக நான் அதைத்தான் செய்திருப்பேன், யாருக்கும் தெரியாது. அவர் மறுபடி லோரியை நிறுத்திவிட்டு, மரத்துப்போகிற ஊசி குத்திக்கொண்டு, வாயை அந்த இரண்டு விரலுக்குத் திறந்து பிடித்திருக்க வேண்டுமே என்று மனம் தடுமாறியது. கடைசியில் ஃபோன் எடுத்தேன்.

"எந்தப் பக்கம், எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார் டாக்டர். கல்லைப் படம் பிடித்து, சாய்கிற இடத்தில் அம்புக்குறி போட்டு அனுப்பினேன். அடுத்த வாரம் அவரை வரவழைத்து, அந்த வாய்க்காலை மட்டும் நிமிர்த்தி, அதே டிரேயில் புது அச்சு எடுத்து அனுப்பினார். லோரிக்காரர் ஒரு வார்த்தையும் முணுமுணுக்கவில்லை என்றும், இந்தத் தடவை காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டீர்களே என்றார் என்றும் டாக்டர் சொன்னார்.

மெழுகில் வடித்து, உலோகத்தில் வார்த்து, உள்ளே இரண்டு வரம்பையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சுத்தம் செய்தேன். கல் மேல் வைத்தபோது சத்தமில்லாமல் இறங்கியது. கல்லைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினேன். விழவில்லை.

மாட்டுகிற அன்று நானும் போனேன். இந்த முறை தவுக்கேயே போகச் சொன்னார். டாக்டர் கிரவுனை விரல் நுனியில் வைத்து உள்ளே கொண்டுபோய் அழுத்தினார். கூரான ஒரு கருவியால் விளிம்பைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். முன்பக்கம், கன்னப் பக்கம், நாக்குப் பக்கம். பின்பக்கத்தில் அதிக நேரம் நின்றார். பிறகு நீல நிறத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். ஓர் ஓரத்தில் மட்டும் நீலம் திட்டாகப் பட்டிருந்தது. லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி கடிக்கச் சொன்னார்.

"இப்ப எப்படி இருக்கு அண்ணே?"

அவர் கடித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அரைத்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல," என்றார். "போட்டாச்சா?"

டாக்டர் என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வதுதான் எங்கள் வேலைக்குக் கிடைக்கும் நல்ல பெயர் என்பதை அவருக்கு விளக்கினோம். பசை வைத்து ஒட்டினார் டாக்டர்.

அது எல்லா விதத்திலும் பிரமாதமான கிரவுன் என்று சொல்ல மாட்டேன். பின்பக்கச் சுவர் இப்போதும் சரிந்ததுதான். இல்லாததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஈறோரத்தில் சாப்பாடு தங்குகிறது, அதற்கென்று வளைந்த சின்னப் பிரஷ் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆனால் கழலவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கிளினிக்கிலிருந்து வருகிற சீட்டில், வாய் எவ்வளவு திறக்கும் என்பதை விரல் கணக்கில் டாக்டர் எழுதி அனுப்புகிறார். கரை தெரியாத அச்சு வந்தால், தெரியவில்லை என்று நான் எழுதி அனுப்புகிறேன். ஒரு டாக்டர் அப்படி எழுதியதற்காக வேறு லேப்புக்குப் போய்விட்டார். தவுக்கே இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார்.

ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் டயர் கடைக்காரர் மேலே வந்து, உங்களைத் தேடி ஒரு லோரிக்காரர் வந்திருக்கிறார் என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தால் அவர்தான். பாசிர் கூடாங்கில் எண்ணெய் இறக்கிவிட்டு வருகிறாராம். டாக்டரிடம் இடம் கேட்டு வந்ததாகச் சொன்னார்.

"ஒங்க எடத்தப் பாக்கலாமா?" என்று கேட்டார். "என் பல்ல நான் பாத்ததே இல்ல. கண்ணாடியில தெரிய மாட்டேங்குது."

அந்தக் கல்லை வைத்திருந்தேன். அவரை என் நாற்காலியில் உட்காரவைத்து, மைக்ரோஸ்கோப்பை அவர் கண்ணுக்குச் சரிசெய்து கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். இந்த இரண்டு கோடு என்ன என்று கேட்டார். வாய்க்கால் என்றேன். இந்தச் சரிவு என்ன என்று கேட்டார். ஊசி நேராக நிற்க முடியாமல் போன இடம் என்றேன். கல்லைக் கையில் எடுத்து, கட்டை விரலால் அந்தச் சரிவைத் தடவினார். தடவும்போதே கன்னத்துக்குள் நாக்கு நகர்வது வெளியே தெரிந்தது. உள்ளே அதே இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ சின்னதா?" என்றார். "நாக்குல தொட்டா பெருசா இருக்குதே."

நாக்குக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும் போலிருக்கிறது என்றேன். ஏன் அப்படி என்று அவர் கேட்டார். தெரியாது, டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தக் கல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பஞ்சில் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கீழே லோரி வழியை மறித்து நிற்கிறதென்று டயர் கடைக்காரர் கூப்பிட, வரேன்மா என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் வேகமாக இறங்கினார்.